பங்காளிச் சண்டையில் நமக்கென்ன பங்கு?

1978இல் கோயம்புத்தூரில் ஒரு கோப்பையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஃபெடரேஷன் கோப்பை என்கிற அகில இந்தியக் கால்பந்துப் போட்டிக்கு அது இரண்டாவது வருஷம். முதல் வருஷம் 1977இல் கொச்சியில் நடந்தது, அடுத்த வருஷம் தமிழ்நாட்டுக்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணியுமே கல்கத்தாவிலிருந்து வந்தவை. ஒன்று மோகன் பகான், இன்னொன்று ஈஸ்ட் பெங்கால். கோல் விழவில்லை. சைபருக்கு சைபர். கோப்பை இருவருக்கும் பொது என்று அறிவித்துவிட்டார்கள். 1980இல் கல்கத்தாவிலேயே இறுதி ஆட்டம். அதே இரண்டு அணி. அப்போதும் கோப்பை இருவருக்கும் பொது.

விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு மாபெரும் பகையின் அத்தியாயங்களாக எழுதுகிறார்கள். மேற்கு வங்கத்தான் ஒரு பக்கம், கிழக்கு வங்கத்தான் மறுபக்கம். அவன் 'கோட்டி', இவன் 'பாங்கால்'. மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன். பேச்சு வேறு, சமையல் வேறு, கொடி வேறு. வட்டாரத்துக்கும் வட்டாரத்துக்கும் நடக்கிற யுத்தமாம்.

இருக்கட்டும். யுத்தம் என்றால் எப்படிய்யா பங்கு போட முடியும்? இதற்கு நம் கிராமங்களில் சரியான பேர் உண்டு: பங்காளிச் சண்டை. வரப்புக்காக அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொள்வார்கள். கோர்ட்டுக்குப் போவார்கள். இரண்டு தலைமுறை பேச்சு இருக்காது. ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு இரண்டு வீட்டுக்கும் உண்டு. அந்த நிலத்தில் இருவருக்கும் பங்கு இருப்பதால்தான் சண்டையே வருகிறது. ஏர் ஓட்டியவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அந்தச் சண்டையில் இடம் கிடையாது. பங்கு இருந்தால்தானே பங்காளி?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்று. வட்டாரப் பெருமை, வட்டாரப் பகை என்று நம் முன்னால் வைக்கப்படுபவை பெரும்பாலும் பங்காளிச் சண்டைகள். அவற்றில் ஏதாவது ஒரு பக்கம் நின்று கைதட்டுவதற்கும், தேவைப்பட்டால் மண்டையை உடைத்துக்கொள்வதற்கும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். கல்கத்தாவில் இது கால்பந்து. வல்லக்கோட்டையில், ஒரகடத்தில், ஸ்ரீபெரும்புதூரில் இது இன்றைக்குச் சோற்றுப் பிரச்சினை. அதனால்தான் அந்தப் பழைய கோப்பையை எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் இந்த இரண்டு சங்கங்களின் பிறப்பைப் பார்ப்போம்.

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15இல் வட கல்கத்தாவின் ஒரு மாளிகையில் பிறந்தது. மித்ரா, போஸ், சென் என்கிற பெரியவீட்டுக் குடும்பங்களின் பிள்ளை அது. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். 1914இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். 1911 ஜூலை 29இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் வெள்ளைக்காரச் சிப்பாய்களை மோகன் பகான் 2–1 என்று தோற்கடித்தது. பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலில் ஆடினார்கள். பூட்ஸ்காலனை வெறுங்காலன் ஜெயித்த கதை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அதே 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்தியக் கிரிக்கெட் அணியில் பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். சமார் சாதியில் பிறந்தவர். அந்தப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். அணிக்குத் தலைவர் பாட்டியாலா மகாராஜா. பாலு பூனாவில் இந்துக்களின் அணிக்கு ஆடியபோது, ஆட்ட இடைவேளையில் அவருக்கு மட்டும் மண் குவளையில், பந்தலுக்கு வெளியே, தனியாக டீ கொடுத்தார்கள். பந்தை அவர் கையிலிருந்து வாங்கலாம், குவளையை அவரோடு பகிரக் கூடாது. பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணிக்கு எத்தனையோ வெற்றி வாங்கிக் கொடுத்தும் அந்த அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்த நாற்காலியில் அவருடைய தம்பி விட்டல் உட்கார 1923 ஆக வேண்டியிருந்தது. ஒரே வருஷத்தில் நடந்தவைதான் இரண்டும். வெறுங்காலை தேசியப் பெருமை ஆக்கியவர்கள் மண் குவளையைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்?

"விளையாட்டுல கூடவா சாதி பாக்கறீங்க?" என்று நம்மைக் கேட்பவர்களுக்கு அந்தக் குவளைதான் பதில். பார்ப்பது நாங்கள் இல்லை சார். வைத்தது நீங்கள்.

ஈஸ்ட் பெங்காலின் பிறப்பு இன்னும் சுவாரசியம். 1920 ஜூலை 28, கூச் பிகார் கோப்பை. மோகன் பகானுக்கும் ஜோராபகானுக்கும் ஆட்டம். ஜோராபகான் அணியிலிருந்து சைலேஷ் போஸ் என்கிற ஆட்டக்காரரை நீக்கிவிட்டார்கள். அவர் கிழக்கு வங்கத்துக்காரர் என்பதுதான் காரணம் என்று கொதித்து, அந்தச் சங்கத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறினார். ஆகஸ்ட் 1இல் புதுச் சங்கம் பிறந்துவிட்டது. கூட நின்றவர்களில் ஒருவர் மன்மதநாத் ராய் சௌத்ரி. சந்தோஷ் என்கிற ஊரின் ஜமீன்தார். சந்தோஷ் டிராபி என்று ஒரு போட்டி 1941 முதல் நடக்கிறதே, அது நம் பாஷையிலே சொல்கிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் பல பேர். அது ஒரு ஜமீனின் பெயர்.

கணக்குப் பாருங்கள். ஒரு போஸை ஒரே ஒரு ஆட்டத்தில் உட்கார வைத்தார்கள். நாலாம் நாள் ஒரு சங்கமே எழும்பி நின்றது. நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது. அவமானத்துக்கு விலை உண்டு என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். நம்மைத் தலைமுறை தலைமுறையாகக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறான், எந்த ஜமீன்தார் கொதித்தான்?

இன்னொன்றும் உண்டு. அதே கல்கத்தாவில் 1891 முதல் முகமதன் ஸ்போர்ட்டிங் என்று ஒரு முஸ்லிம் சங்கம் இருக்கிறது. கல்கத்தா லீகை முதன்முதலில் ஜெயித்த இந்திய அணி அதுதான். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம். 1940இல் டில்லியில் பிரிட்டிஷ் படை அணியைத் தோற்கடித்து டூரண்ட் கோப்பையையும் எடுத்தது. இவ்வளவு செய்தும், 'வங்காளத்தின் மாபெரும் பகை' என்று சொன்னால் இரண்டு பெயர்தான் வருகிறது. மூன்றாவது பெயர் அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது. எது பகை, எது பகைகூட இல்லை என்று தீர்மானிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

*

இப்போது 'கிழக்கு வங்கம்' என்ற பெயருக்கு வருவோம். பிரிவினைக்குப் பிறகு அந்தப் பெயர் அகதியின் பெயர் ஆயிற்று. வீட்டை விட்டு, குளத்தை விட்டு, ஓடி வந்தவர்களின் சங்கம் ஈஸ்ட் பெங்கால் என்று ஆயிற்று. இந்த இடத்தில்தான் நாம் நின்று கேட்க வேண்டும்: எந்த அகதி?

முதலில் வந்தவர்களில் பெரும்பகுதி படித்த, சொத்திருந்த மேல்சாதியார். தெற்குக் கல்கத்தாவில், ஜாதவ்பூர்ப் பக்கம், காலி நிலங்களில் இரவோடு இரவாகக் குடிசை போட்டார்கள். சட்டப்படி அது ஆக்கிரமிப்புதான். போராடினார்கள், நின்றார்கள், காலப்போக்கில் அரசு அங்கீகரித்தது. அந்தக் குடியிருப்புகளுக்குப் பெயர் 'காலனி'. அங்கே காலனி என்றால் போராட்டப் பெருமை. இங்கே காலனி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க 2025 ஏப்ரல் வரை ஆயிற்று.

1950க்குப் பிறகு பெருந்திரளாக வந்தவர்கள் நாமசூத்திரர்கள். ஒரு காலத்தில் 'சண்டாளர்' என்று எழுதப்பட்டு, போராடி 1911 மக்கள்தொகைக் கணக்கில் அந்தப் பெயரைத் தூக்கி எறிந்த உழவர்களும் மீனவர்களும். பம்பாயில் வழியடைக்கப்பட்ட அம்பேத்கரை 1946இல் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பியது ஜோகேந்திரநாத் மண்டல் தலைமையில் இந்த மக்களின் அரசியல்தான். நாம் சட்டப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டும் ஒவ்வொரு தடவையும் நினைக்க வேண்டிய மக்கள் இவர்கள்.

இவர்களுக்குக் கல்கத்தாவில் காலனி கிடைக்கவில்லை. முகாம் கிடைத்தது. ராய்ப்பூருக்குப் பக்கத்தில் மானா என்று ஒரு முகாம். 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தின்படி, ஆற்றிலும் சேற்றிலும் வாழ்ந்த சனத்தைத் தண்ணீரில்லாத கல்லுக்காட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இருபது வருஷம் தாக்குப்பிடித்தார்கள். 1977இல் மேற்கு வங்கத்தில் இடதுசாரி அரசு வந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது, அகதிகளை வங்காளத்திலேயே குடியமர்த்த வேண்டும் என்று பேசியவர்கள் அவர்கள். அந்தப் பேச்சை நம்பி 1978இல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளம்பி வந்தன. சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்கிற தீவில் குடியேறினார்கள். யாரிடமும் காசு கேட்கவில்லை. கரை கட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், சந்தை வைத்தார்கள், மீன் வளர்த்தார்கள்.

1979 ஜனவரி 24 முதல் 144 தடை போட்டுத் தீவைச் சுற்றிப் போலீஸ் படகுகள் நின்றன. சோறும் குடிதண்ணீரும் உள்ளே போகக் கூடாது. ஜனவரி 31இல் துப்பாக்கிச் சூடு. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி, மிச்சமிருந்தவர்களை வண்டியேற்றித் திரும்ப அனுப்பினார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொல்வதற்கும் தப்பி வந்தவர்கள் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காடு பாதுகாக்கப்பட்ட காடு, புலிக்கு உரியது என்று காரணம் சொன்னார்கள். ஜாதவ்பூரில் ஆக்கிரமித்தவன் போராளி, மரிச்ஜாப்பியில் குடியேறியவன் காட்டுத் திருடன். எல்லாரும் அதே கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்தான்.

இப்போது தேதியைப் பாருங்கள். 1978. கிழக்கு வங்கத்தின் பெயரைச் சட்டையில் போட்ட அணி கோயம்புத்தூரில் கோப்பையில் பாதிக்குச் சொந்தக்காரர் ஆன அதே வருஷம், கிழக்கு வங்கத்துத் தலித் அகதி ஒரு சேற்றுத் தீவில் கரை கட்டிக்கொண்டிருந்தான். கோப்பை பங்காளிகளுக்குப் பொது. தீவு மட்டும் அவனுக்குச் சொந்தமில்லை.

ஆட்டக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் பந்தை உதைத்தார்கள், சம்பளம் வாங்கினார்கள். கேள்வி அந்தப் பெயரைப் பற்றியது. வட்டாரம் என்கிற சொல் யாரையெல்லாம் உள்ளே இழுத்து, யாரையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, 'நாம்' என்று பேசுகிறது என்பதைப் பற்றியது. கேலரியில் நின்று சாகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் கார்டனில் இதே இரண்டு அணிகளின் ஆட்டத்தில் கலவரம் வந்து பதினாறு ரசிகர்கள் செத்தார்கள். கோப்பையை இரண்டாகப் பங்கு போடத் தெரிந்தவர்களால் அந்தப் பதினாறு சாவை எப்படிப் பங்கு போட முடியும்?

"வங்காளத்துக் கதை, நமக்கெதுக்குப்பா?" என்கிறீர்களா? சரி, வீட்டுக்கு வருவோம். அதே 1978 ஜூலையில் விழுப்புரத்தில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 'தமிழன்' என்கிற அணியில் அவர்களுக்கு எந்த நம்பர் சட்டை கொடுத்திருந்தார்கள்? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் எரிந்த நாற்பத்து நாலு பேருக்கு? வட்டாரமும் மொழியும் நம்மை அணைத்துக்கொள்ளும் என்று நம்பச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் முடித்துவிட்டு வரட்டும்.

*

எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்குப் பக்கம். கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வழி தெரியும். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோடு. அப்போது பஸ்ஸுக்கு மணிக்கணக்கில் நிற்போம். இப்போது அகலமான நெடுஞ்சாலை, கண்டெய்னர் லாரி, கம்பெனி பஸ்.

ஏரி வத்தினால்தான் எங்களுக்கு ஆட்டம். ஊர்ப் பையன்களுக்குக் கோயில் பக்கத்து மைதானம் உண்டு, எங்களுக்கு வெடிச்ச மண்தரை. பொங்கலுக்கு ஒரு போட்டி நடத்துவார்கள். எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் அதில் தலைமுறைப் பகை. இறுதி ஆட்டத்தில் அந்த இரண்டும் மோதினால் தேர்த் திருவிழா மாதிரிக் கூட்டம் சேரும். கோல் கம்பத்துக்குக் குழி வெட்டியதும் சுண்ணாம்புக் கோடு போட்டதும் என் சித்தப்பா. ஒரு வருஷம் காலனி டீம் என்று பேர் கொடுக்கப் போனோம். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"நீங்க தனியா ஒரு கப்பு வெச்சி ஆடிக்குங்கடா. நாங்க வேணாம்னா சொல்றோம்?"

டீக்கடையில் தனி டம்ளர், மைதானத்தில் தனிக் கப்பு. பாலுவுக்கு வைத்த மண் குவளை நூறு வருஷம் உருண்டு எங்கள் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஊர்க்காரனோடு அவ்வளவு பகை இருந்தவர்கள், அவனோடு கோப்பைக்கு மோதுவார்கள், ஆட்டம் முடிந்து ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள் என்பது தெரிந்தது. பகைக்கும் ஒரு தகுதி வேண்டும் என்பது தெரிந்தது.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. ஒரு கம்பெனியில் நானும் என் பெரியப்பா மகனும் காண்ட்ராக்ட்டில் போனோம். வருஷத்துக்கொருமுறை விளையாட்டு நாள். ஒரு வருஷம் கால்பந்து வைத்தார்கள். அணி எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? உள்ளூர்க்காரன் ஒரு அணி, வெளிமாநிலத்தான் ஒரு அணி. தனிக் கப்பு வைத்துக்கொள்ளச் சொன்ன அதே ஊரிலிருந்து வந்த சூப்பர்வைசர் எங்களிடம் வந்து தோளில் கை போட்டார்.

"நம்ம ஊரு மானம்டா. அந்த வடக்கனுங்ககிட்ட விட்டுடாதீங்க."

அண்ணன் சிரிக்காமல் கேட்டான்: "எந்த ஊருண்ணா? ஊரா, காலனியா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

எதிரணி கோல்கீப்பர் சிவப்பும் மஞ்சளும் போட்ட சட்டையில் நின்றான். ஈஸ்ட் பெங்கால் சட்டை. ஆட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது பாதி இந்தி பாதி தமிழில் பேசினான். தாத்தா குல்னா பக்கம் என்றான். அப்புறம் 'கேம்ப்' என்றான். எந்தக் கேம்ப் என்று கேட்டேன். மானா என்றான். அப்புறம் காடு என்று கையை விரித்துக் காட்டினான். நான் மேலே சொன்ன சரித்திரத்தையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது அந்த மூன்று வார்த்தை. அவன் நெஞ்சிலே போட்டிருந்த சங்கத்தின் கதையில் அவன் தாத்தா இல்லை. எங்கள் ஊர் மானத்தின் கதையில் என் சித்தப்பா இல்லாத மாதிரியே.

அடுத்த மாதம் ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஆள் குறைத்தார்கள். இரண்டு அணியிலிருந்தும் குறைத்தார்கள். அதிலே மட்டும் உள்ளூர், வெளியூர் பார்க்கவில்லை.

*

இன்றைக்கு இந்தத் தொழில் பாதையில் 'வடக்கன்' என்கிற சொல் காசு மாதிரி புழங்குகிறது. வேலையை அவன் தின்றுவிட்டான், வாடகையை அவன் ஏற்றிவிட்டான் என்கிறார்கள். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்களை அங்கே பரப்பினார்கள். இங்கே ஒரு கூட்டம், அங்கே ஒரு கூட்டம். இரண்டுக்கும் நடுவிலே கூலியைத் தீர்மானிக்கிறவன் பத்திரமாக இருக்கிறான். வந்தவர்களில் தலித்துகள் உண்டு, ஆதிவாசிகள் உண்டு, நிலமில்லாத பிற்பட்டோர் உண்டு. அவனைத் துரத்துவதற்கு நம்மை முன்வரிசையில் நிறுத்தப் பார்க்கிறார்கள். கோடு போட மட்டும் கூப்பிட்டவர்கள் இப்போது அடிக்கக் கூப்பிடுகிறார்கள். மறுக்க வேண்டும். வாய்விட்டு மறுக்க வேண்டும்.

ஆட்டக்காரர்கள் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். சென்னையில் வளர்ந்த நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12இல், டூரண்ட் கோப்பையில், ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரான ஒரே கோலைப் போட்டார். பல வருஷமாக ஜெயிக்காத அணிக்கு ஒரு தமிழன் ஜெயிப்பு வாங்கித் தந்தார். அங்கே அவரை யாரும் 'தெற்கத்தியான், வேலையைத் தின்னவன்' என்று சொல்லவில்லை, தோளில் தூக்கினார்கள். சென்னைக்காரன் கல்கத்தாவில் பந்து உதைக்கலாம் என்றால், வங்காளத்தான் ஒரகடத்தில் போல்ட் முடுக்கக் கூடாதா? ரசிகர்களுக்கும் சேரத் தெரியும். 2024 ஆகஸ்ட் 18இல், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ரசிகர்கள் ஒரே தெருவில் நின்று தடியடி வாங்கினார்கள். பகை இறங்கி வைக்கக்கூடிய சுமைதான். யாருக்காக இறக்கி வைக்கிறார்கள், யாருக்காக இறக்கி வைப்பதில்லை என்பதே அரசியல்.

அப்படியானால் நம் சண்டை எது? மைதானம். நிலம்.

முதல் ஃபெடரேஷன் கோப்பையை ஜெயித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? 1977இல் கொச்சியில் மோகன் பகானை 1–0 என்று தோற்கடித்தது பெங்களூர் ஐ.டி.ஐ. டெலிபோன் செய்கிற பொதுத்துறைத் தொழிற்சாலையின் அணி. வட்டாரமும் இல்லை, ஜமீனும் இல்லை, வேலை பார்க்கிற இடத்தின் பெயர். சென்னையில் ஐ.சி.எஃப். அணி, இந்தியன் வங்கி அணி என்று இருந்ததும் அந்த வகைதான். பொதுத்துறையில் இடஒதுக்கீடு உண்டு. விளையாட்டு மூலமும் வேலை உண்டு. வடசென்னைச் சேரிப் பையனுக்குப் பந்து சோறு போட்ட காலம் அது. நம் தொழில் பாதையில் நிலத்தை எடுத்துக் கொடுத்தது சிப்காட், அரசு. ரோடு போட்டது அரசு. தண்ணீர், கரண்ட் அரசு. வேலைக்கு மட்டும் இடஒதுக்கீடு கிடையாது, ஏனென்றால் கம்பெனி தனியார். எடுக்கும்போது பொதுநோக்கம், கொடுக்கும்போது தனிச்சொத்து. நல்லா இருக்குய்யா நியாயம்.

இந்த மண் சாதாரண மண் கிடையாது. செங்கல்பட்டு ஜில்லா. இந்த ஜில்லாவின் பறையர்களின் நிலைமையைப் பற்றி 1891இல் கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையால்தான் 1892இல் பஞ்சமி நிலம் என்கிற உரிமையே வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருஷம் விற்கக் கூடாது, அப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்டவனுக்குத்தான் விற்கலாம். அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நம் மக்கள் திரண்டார்கள். காரணைப் போராட்டம். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். உள்ளூர்க்காரன், மண்ணின் மைந்தன் என்று இன்றைக்கு நம் தோளில் கை போடுகிறவர்கள் பதில் சொல்லட்டும்: அந்த மண்ணைக் கேட்டபோது வடக்கனா சுட்டான்?

ஜெயித்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 1883இல் இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்று ஒரு ஆலைத்தொழிலாளர் அணி. நெசவாளி, நூற்பாலைத் தொழிலாளி, பிளம்பர் என்று இருந்தவர்கள். எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈட்டன் பள்ளியில் படித்த சீமான்களை 2–1 என்று தோற்கடித்தார்கள். அதுவரை கோப்பை கனவான்களின் வீட்டுப் பாத்திரம். உலகமே தலைகீழானது போலத்தான் இருந்தது. ஆறு வருஷத்தில், 1889இல், அந்தச் சங்கம் மூடப்பட்டது. அதே ஊரில் பணம் படைத்த பிளாக்பர்ன் ரோவர்ஸ் தங்கிவிட்டது. ஜெயித்தவன் காணாமல் போனான், காசுள்ளவன் நின்றான். வெற்றி ஒரு சாயங்காலம். மைதானம்தான் நூறு வருஷம்.

இந்தத் தொழில் பாதையில் நமக்கென்று ஒரு அணி உண்டு. அது தொழிற்சங்கம். 2024 செப்டம்பர் 9 முதல் ஐந்து வாரத்துக்கு மேல் சாம்சங் தொழிலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தைவிடப் பெரிய பிரச்சினை எது தெரியுமா? சங்கத்தின் பெயர். கம்பெனியின் பெயரைச் சங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது நிர்வாகம். உழைப்பு வேண்டும், பெயரைத் தொடக் கூடாது. இது நமக்குப் பழகின தீட்டுத்தான். 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடேயே சங்கம் பதிவாயிற்று. ஜோராபகானை விட்டு வெளியேறின ஜமீன்தாருக்கு நாலு நாளில் கிடைத்த அணி, தொழிலாளிக்கு மாசக்கணக்கில் போராடிக் கிடைத்தது. ஆனால் கிடைத்தது.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மரிச்ஜாப்பியை முற்றுகையிட்ட அரசும் தொழிலாளர் பெயரைச் சொல்லித்தான் ஆண்டது. வர்க்கம் என்று சொல்லிவிட்டால் சாதி கரைந்துவிடும் என்ற பழைய பாட்டு இங்கே வேண்டாம். காண்ட்ராக்ட்டில் கூட்டுகிறவளும் கேன்டீன் கழுவுகிறவளும் வெளிமாநிலத்தானும் உறுப்பினர் அட்டையில் இருக்கிறார்களா, தலைமையில் இருக்கிறார்களா என்று கேட்போம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் 18,720 பெண்களுக்கு ஒரே விடுதி திறந்தார்கள். ஒரு டவுனே அது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018லும் 2023லும் தேசியக் கால்பந்துப் பட்டம் எடுத்த மாநிலம் இது. அந்த 18,720 பேருக்கு ஷிப்ட் முடிந்து ஓடி ஆட மைதானம் எத்தனை ஏக்கர் என்று எந்தச் சங்கம் கேட்டிருக்கிறது?

மாணவத் தோழர்களே, எழுத்தாளர்களே, செய்ய வேண்டியது கையில் இருக்கிறது. 2005இலேயே தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் வட்டங்களில் ஊர் ஊராகக் கேளுங்கள். எத்தனை ஏக்கர் பஞ்சமி நிலம், இன்று யார் கையில்? எத்தனை ஏக்கர் மேய்க்கால், எவ்வளவு சிப்காட்டுக்குப் போயிற்று? ஊராட்சி விளையாட்டு மைதானம் எந்தச் சர்வே நம்பர், அது ஊருக்குள்ளா, காலனிக்குப் பக்கத்திலா? ஒவ்வொரு பதிலையும் சுவரில் ஒட்டுங்கள். தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒட்டுங்கள். அந்தக் கோல்கீப்பரும் படிக்கட்டும்.

தனிக் கப்பு இனி வேண்டாம். பங்காளிகள் தங்கள் கோப்பையை இரண்டாகவோ இருபதாகவோ வெட்டிக்கொள்ளட்டும். நமக்கு அளந்து தர வேண்டிய நிலம் பாக்கி இருக்கிறது. அதை அளக்கிற வரைக்கும் எந்த ஊர் மானத்துக்காகவும் நாம் மைதானத்தில் இறங்கப்போவதில்லை.